முகத்தைக் காட்டு

டார்ச்சை அணைத்த பிறகும் தோப்பின் கோடியில் ஒரு வெளிச்சம் நின்றது.

மசூது கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். சவூதியில் தம்மாமிலிருந்து லீவுக்கு வந்தபோது வாங்கி வந்த எல்இடி டார்ச் அவன் கையில் இன்னும் சூடாக இருந்தது. மக்ரிபு தொழுதுவிட்டு வந்ததிலிருந்து கொல்லைவாசலில் நின்று அதை மேகத்தில் அடித்தான், மலையில் அடித்தான், சாரலுக்குள் நீட்டித் தென்னை உச்சியில் இருக்கிற காயைக் கூடப் பார்த்தான். வடகரையில் வேறு யாரிடமும் இப்படி ஒன்று கிடையாது என்ற பெருமை அவனுக்குத் தாங்கவில்லை. கரண்ட் போனது இன்னும் வசதியாகப் போயிற்று.

“அற்பனுக்குப் பவுசு வந்தா அர்த்த ராத்திரியில கொட பிடிப்பானாம். நீங்க சாயங்காலமே பிடிக்கிய,” என்று அடுப்படியிலிருந்து மிஸ்ரியா சிரித்தாள். அவன் பெண்டாட்டிக்கு வாய் ஜாஸ்தி.

அந்த வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. குண்டு பல்பு போட்ட பழைய டார்ச்சின் மஞ்சள். அதையெல்லாம் இப்போது யார் வைத்திருக்கிறார்கள்?

“அது நேத்தும் வந்துச்சுண்ணே,” என்றான் தம்பி ஹுஸைஃபா. பன்றிக் காவலுக்குப் போக அரிவாளை எடுத்துக்கொண்டிருந்தான். “நான் மொகத்தக் காட்டினேன். அவன் காட்டல. அணைச்சிட்டுப் போயிட்டான்.”

இந்தப் பக்கத்துத் தோப்புக்காரர்களிடம் ஒரு மரியாதை உண்டு. இருட்டில் ஆள் எதிர்ப்பட்டால் அவன்மேல் டார்ச் அடிக்கக் கூடாது. திருப்பித் தன் முகத்தில் அடித்துக் காட்ட வேண்டும். பதிலுக்கு அவனும் காட்டுவான். அரிவாளும் கையுமாகத் திரிகிறவர்கள் பன்றியென்று நினைத்து ஒருவரையொருவர் வெட்டிவிடக் கூடாதே என்று ஏற்பட்ட பழக்கம்.

“இன்னைக்கு எவன்னு பாத்துருவோம்லே,” என்று மசூதும் ஓர் அரிவாளை எடுத்தான்.

“கதவுக்குத் தாப்பா போடல, சீக்கிரம் வந்துருங்க,” என்றாள் மிஸ்ரியா.

ஹுஸைஃபா போன் வெளிச்சத்தோடு வாய்க்கால் வழியாகச் சுற்றிப் போனான். வீட்டு நாய் அவனுக்கு முன்னால் ஓடியது. மசூது நடுவழியில் இறங்கினான். ஊறிய மட்டையும் சேறும் கலந்த வாடை, ஓலையிலிருந்து தோளில் சொட்டுகிற தண்ணீர், காலடியில் வழுக்குகிற வரப்பு, எங்கே பார்த்தாலும் விடாமல் கத்துகிற தவளைகள், டார்ச்சை அசைக்கும்போதெல்லாம் தென்னைகளின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடுவது, எல்லாம் சேர்ந்து அவனை அடிக்கடி திரும்பிப் பார்க்க வைத்தது. வீறாப்பாக வந்துவிட்டான். இப்போது பயமாக இருந்தது.

நாய் ஒரு தடவை வீறிட்டது. தவளைகள் நின்றுவிட்டன.

நாய் வரப்பின் குறுக்கே கிடந்தது. வயிறு பிளந்து குடல் சேற்றில் கிடக்க, டார்ச் வெளிச்சத்தில் அதிலிருந்து ஆவி எழுந்தது. பன்றி குத்திய மாதிரி இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்த மாதிரி இருந்தது.

“ஹுஸைஃபா!”

வாப்பா மவுத்தான பிறகு அவன் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. அவனுக்கு ஒன்று என்றால் மசூது உயிரோடு இருந்து என்ன பயன்? அல்லாவே, அவனை என்னிடம் கொடுத்துவிடு என்று வாய் தானாகச் சொன்னது. டார்ச்சை அணைத்துவிட்டுக் காது கொடுத்தான்.

எதிரில் மஞ்சள் வெளிச்சம். பக்கத்திலேயே.

அது மெதுவாக மேலே திரும்பியது. முகத்தைக் காட்டியது. ஹுஸைஃபாவின் முகம்.

அப்பாடா என்றிருந்தது. சாரல் திறந்த கண்ணில் விழுந்தும் அந்த முகம் இமைக்காததை அவன் யோசிக்கவில்லை. தம்பியின் கையில் இருந்தது போன்தான் என்பதும் நினைவுக்கு வரவில்லை. பழக்கதோஷம். கை தானாகத் திரும்பியது. டார்ச்சைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து அமுக்கினான்.

தலைக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது.

டார்ச் கை நழுவியது. கண்ணைத் திறந்தான். பச்சை வட்டம். மூடினான். அதே பச்சை வட்டம்.

“அண்ணே.” முன்னாலிருந்து.

“அண்ணே, யாருக்கு மொகத்தக் காட்டுதிய?” பின்னாலிருந்து.

இரண்டும் ஹுஸைஃபா.

“கிட்ட வராத! யாருலே நீ?”

முன்னால் சேறு மிதிபட்டது. ரத்தவாடை. நாயின் ரத்தம். அது அவனைச் சுற்றி வந்தது. பின்னால் போனது. கழுத்தில் மூச்சு.

தோளில் ஒரு கை.

திரும்பி வெட்டினான். எலும்பில் இறங்கியது. பிடுங்கி வெட்டினான். மறுபடி. மறுபடி. வாயில் சூடாக உப்புக் கரித்தது.

“அண்ணே, நாந்…”

மறுபடி.

பச்சை வட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. சேற்றில் கிடந்த டார்ச் சூட்டில் தானாகவே மங்கியிருந்தது. அந்த வெளிச்சத்தில் ஹுஸைஃபா கிடந்தான். கழுத்து பாதி அறுந்திருந்தது. இடது கையில் போன். அதன் வெளிச்சம் அவன் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. அவன் முகத்தைக் காட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறான்.

மசூது கத்தப் பார்த்தான். சத்தம் வரவில்லை.

தூரத்தில், வீட்டுக் கொல்லைவாசலில், மஞ்சள் வெளிச்சம் எரிந்தது. அது மேலே திரும்பியது.

மசூதின் முகம். இமைக்கவில்லை.

“வந்துட்டியளா?” மிஸ்ரியாவின் குரல். “கதவு தெறந்துதான் கெடக்கு, வாங்க.”

“வந்துட்டேன்,” என்றது மசூதின் குரல்.

வெளிச்சம் உள்ளே போனது. தாழ்ப்பாள் விழுந்தது.