நாக்குக்கு அளவெடுத்த கல்

மொன்றியலின் சென்ட் லோரன்டில் பெப்ரவரி மாதம் சில்வண்டு கத்துவதில்லை. சில்வண்டு என்ன, அந்தக் குளிரில் காகம்கூட வாயைத் திறக்க யோசிக்கும். ஆனாலும் 1987இல் ஒரு பின்னேரம், நாலரை மணிக்கே வெளியே இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில், குலேந்திரன் வாசலில் குந்தியிருந்து சப்பாத்திலிருந்து பனியைத் தட்டியபோது அது கத்தியது. மட்டக்களப்பில் சித்திரை வெயிலுக்குள் மரமுந்திரிகைத் தோட்டம் முழுவதும் கேட்குமே, காதுக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்துவதுபோல் நீண்டு, நீண்டு, சட்டென்று அறுந்துபோகும் சத்தம். அதேதான்.

குசினியில் பருப்பு அவித்துக்கொண்டிருந்த கிறகரி, அது ஹீட்டர் குழாய் என்றான். மன்னார்க்காரன், எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பான். குலேந்திரன் குழாயில் காதை வைத்தான். குழாய் சும்மா கிடந்தது. சத்தம் அவனுடைய சட்டைப் பைக்குள் இருந்து வந்தது. கையை வைத்ததும் நின்றது.

பைக்குள் இருந்தது அந்தக் கல் மட்டும்தான்.

மூன்று கிழமைக்கு முன்னர் அவன் வேலை செய்யும் களஞ்சியத்தில் அகப்பட்டது. ஹொங்கொங்கிலிருந்து வரும் பெட்டிகளை உடைத்து, வைக்கோலுக்குள்ளிருந்து பீங்கான் சாமான்களை எடுத்து அடுக்குவது அவன் வேலை. ஒரு பெட்டியின் அடியில், பட்டியலில் இல்லாத பொருளாக இது கிடந்தது. பெருவிரல் நீளம். மங்கிய பச்சை, அதில் துரு நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை. பூச்சி வடிவில் செதுக்கியது: மடித்த சிறகு, பிதுங்கிய இரண்டு கண், தட்டையான அடிப்பக்கம். மேற்பார்வையாளரிடம் கொடுக்கத்தான் பைக்குள் போட்டான். அதற்குள் வீட்டில் பேரின்பநாதனின் கண்ணில் பட்டுவிட்டது.

பேரின்பநாதன் அந்த வீட்டின் மூன்றாவது ஆள். யாழ்ப்பாணத்தில் ஒரு பஞ்சாங்கத்துக்கு விளம்பரம் சேர்த்துக் கொடுத்தவர். விமானம் ஏறும்போது விளம்பரத்தை விட்டுவிட்டுப் பஞ்சாங்கத்தை மட்டும் கொண்டுவந்தார். மொன்றியலில் இறங்கும்போது சோதிடராகியிருந்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கல்லைப் பல்புக்கு நேரே பிடித்தார். அசல் மரகதம் என்று தீர்ப்புச் சொன்னார். மரகதம் என்றால் உள்ளே வெளிச்சம் தெரிய வேண்டுமே என்று கிறகரி இழுத்தான்.

"நீ வேதக்காரன். உனக்கு மெழுகுதிரி வெளிச்சம் தெரியும். கல்லைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் பேரின்பநாதன்.

கேள்வி அதோடு முடிந்தது. ஏனென்றால் குலேந்திரனுக்கு அந்தக் கல் மரகதமாக இருக்க வேண்டியிருந்தது. அகதி விசாரணை பன்னிரண்டாம் திகதி. இரண்டு வருடத்துக்கு முன் சுற்றிவளைப்பில் பிடிபட்ட அண்ணனை ஆமிக்காரர் குழிக்குள் தள்ளி மண் போட்டதை, முந்திரிகை மரத்துக்குப் பின்னால் கிடந்து பார்த்தவன் அவன். அதைச் சொன்னால் இந்த நாடு ஏற்கும். மனைவி புஷ்பவதியையும் மகளையும் கூப்பிடலாம். சொல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். முதல் விசாரணையில் அந்த மரத்தடி வரைக்கும் வந்தான். அதற்குமேல் நாக்கு எழும்பவில்லை. பதினொரு நிமிடம். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து ஏதோ எழுதினார்.

சாதகத்தில் பேச்சுக்குரிய வாக்குத் தானத்தில் புதன் நீசம் என்று பேரின்பநாதன் கண்டுபிடித்தார். புதனுக்குரிய கல் உடம்பில் பட வேண்டும். மோதிரத்துக்கு இது பெரிது. மாலையில் கோக்க ஓட்டையில்லை. பெரிய மனிதர்களுக்குத் தடை வந்தால் ஞானமும் கூடவே வரும். விடிய எழும்பிக் குளித்து, பாலில் கழுவி, கால்மணி நேரம் நாக்கின்மேல் வைத்திருக்கச் சொன்னார். குலேந்திரனின் நாக்கில் வைத்தும் காட்டினார்.

"பார், நாக்குக்கெண்டே அளவெடுத்துச் செய்தமாதிரி இருக்கு."

அது உண்மை. அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே சரியான வாக்கு அதுதான்.

முதல் கிழமை ஒன்றுமில்லை. வாயில் மண்வாசம் மட்டும், மழைக்கு முதல் வரும் வாசம் இல்லை, நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, அது. இரண்டாம் கிழமை தேநீரின் சூடு தெரியாமல் போனது. உப்புத் தெரியவில்லை, மிளகாய் தெரியவில்லை, கிறகரியின் பருப்பைக் குறை சொல்லாத ஒரே ஆளாக அவன் மாறினான். நாக்கு வாய்க்குள் வேறு யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போலக் குளிர்ந்து கிடந்தது. கல்லோ நாளுக்கு நாள் தெளிந்தது. கறை கரைந்து, பச்சை ஊறி, பால் குடித்த பிள்ளையின் உதடுபோல ஈரமாக மின்னியது. காலையில் எடுக்கும்போது அது சூடாக இருந்தது.

பத்தாம் திகதி பின்னேரம் ஒத்திகை. பேரின்பநாதன் இரவல் கோட்டு ஒன்றைப் போட்டு, அதிகாரியாகக் கதிரையில் அமர்ந்து, கனடாவே தன் மடியில் இருப்பதுபோல் தொண்டையைச் செருமினார். குலேந்திரன் சொல்லத் தொடங்கினான். மரத்தடி வந்தது. நாக்கு நிற்கவில்லை.

"மண் முதல்ல கால்ல விழுந்திச்சி," என்றது அவன் வாய். "பிறகு கண்ணில. வாயில விழுந்த நேரம் கத்த ஏலாது. வாயில முதலே ஒண்டை வச்சிருந்தாங்க. பிறகு மாரி வந்திச்சி. நூறு மாரி. நூறு நூறு மாரி."

அவன் மரத்துக்குப் பின்னால் அல்லவா கிடந்தான்?

கிறகரி அகப்பையைக் கீழே வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டான். பேரின்பநாதன் கை தட்டினார். கவிதை மாதிரி இருக்கிறது, அதிகாரி அழப்போகிறார், நூறு மாரியை மட்டும் கொஞ்சம் குறைக்கலாம் என்றார்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குலேந்திரன் கல்லை மிசிஸ் சானிடம் கொண்டுபோனான். களஞ்சியத்தில் பட்டியல் சரிபார்க்கும் சீனக் கிழவி. இடது கையில் பச்சைக் கல் வளையல். பதினாலு வயதில் சவர்க்காரம் பூசி ஏற்றியது, பிறகு கழற்றவே இல்லை. அதைப் பற்றி அரைகுறை ஆங்கிலத்திலும் கையாலும் முன்பே சொல்லியிருக்கிறாள். தங்கத்துக்கு விலை உண்டு, ஜேட் கல்லுக்கு விலை சொல்ல முடியாதாம். நல்ல மனிதனின் குணம் அதற்கு: மழமழப்பு, குளிர்மை, உள்ளே உறுதி. உடம்புச் சூட்டைக் குடித்துக் குடித்துப் பச்சை ஏறும். ஆளுக்கு நோய் வருத்தம் வந்தால் மங்கும். ஆள் விழுந்தால், கல் தான் உடைந்து அந்த அடியை வாங்கிக்கொள்ளும்.

அவன் உள்ளங்கையை விரித்தான். கிழவி வளையல் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

தொடாமலே பார்த்தாள். ஓட்டையிருந்தால் உயிரோடிருப்பவர்கள் அணிவது என்றாள். இதில் ஓட்டையில்லை. அடி தட்டை. இது செத்தவரின் நாக்கில் வைத்துப் புதைப்பது. சில்வண்டு வருடக்கணக்காக மண்ணுக்குள் கிடந்து, ஒருநாள் மேலே வந்து, முதுகு வெடித்து, வெறும் தோலான கோதை விட்டுவிட்டுப் போகும் அல்லவா? செத்தவரும் அப்படி வரட்டும் என்று வைப்பார்களாம். மண்ணுக்குள் செத்துப்போன கல்லுக்கு உயிர் வரவேண்டுமானால், உயிருள்ள ஒருவர் வருடக்கணக்காக உடம்புச் சூடு கொடுக்க வேண்டும்.

"எங்கே வைத்தாய்?" என்று கேட்டாள்.

அவன் வாயைத் தொட்டுக் காட்டினான்.

கிழவி வளையலைச் சட்டைக் கைக்குள் தள்ளி மறைத்தாள். பிறகு, சிவப்புத் தாளில் சுற்றி மண்ணுக்குள் திருப்பிக் கொடு என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு முழப் பனி. அதைத் தள்ளிவிட்டுப் பனி அள்ளும் சவளால் குத்தினான். நிலம் இரும்பாக உறைந்திருந்தது. சித்திரை வரைக்கும் மொன்றியலில் யாருக்கும் குழி தோண்ட முடியாது. எறிந்துவிடலாம் என்று கையை ஓங்கினான். ஓங்கிய கையோடு, விசாரணைக்குப் பழகுவதுபோல், தன் பெயரைச் சொல்லிப் பார்த்தான். நாக்கு எழும்பவில்லை. மகளின் பெயரைச் சொல்லிப் பார்த்தான். வெறும் மூச்சுப் புகைதான் வந்தது.

கையை இறக்கினான். நாளைக்கு மட்டும். இன்னும் ஒரேயொரு தரம்.

பன்னிரண்டாம் திகதி, மத்தியானம் இரண்டு மணி. விசாரணைக் கட்டடத்தில் கழிப்பறைக்கு எதிரே இருந்த மர வாங்கில் பேரின்பநாதன் இரவல் கோட்டோடு காவலிருந்தார். குலேந்திரன் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். கல்லை நாக்கில் வைத்தான். குழாய் விளக்கு இரைந்தது.

விளக்கு அல்ல.

வாய்க்குள்தான் கத்தியது. பல்லெல்லாம் அதிர்ந்தது. எடுக்கப் பார்த்தான். விரல் வழுக்கியது. கல் அசைந்தது. தானாக. உள்ளே ஏதோ முதுகை வளைத்து முட்டியது. ஒரு தரம். இன்னொரு தரம்.

மெல்லிய வெடிப்புச் சத்தம்.

அமைதி.

கண்ணாடிக்குக் கிட்டப் போய் வாயைத் திறந்தான். நாக்கு மங்கிய பச்சையாக இருந்தது. துருக் கறை திட்டுத் திட்டாக. அதன்மேல் கல் ஒட்டியிருந்தது, முதுகு நீளத்துக்குப் பிளந்து. உள்ளே ஒன்றுமில்லை. கோது.

வெளியே மொழிபெயர்ப்பாளர் பெயரைக் கூப்பிட்டார்.

"ஓம், வாறன்," என்று கதவுக்கு வெளியே இருந்தே பதில் வந்தது. தெளிவான குரல். திக்கல் இல்லை. அவனுடைய குரல். கண்ணாடியில் அவன் வாய் அசையவில்லை.

அவன் கதவை இழுக்கப் பார்த்தான். கை கேட்கவில்லை.

"போ தம்பி, பயப்பிடாமல் கதை," என்றார் பேரின்பநாதன் வெளியே. "ஏன் உன்ர கை இப்பிடிக் குளிருது? பெண்சாதி பிள்ளையை நினைச்சுக்கொண்டு கதை. எல்லாரும் வந்திடுவினம்."

"ஓம்," என்றது குரல். "அவங்களும் வரட்டும். புள்ளைய முதல்ல கூப்பிடுவம்."

காலடிகள் நடந்தன. கதவு ஒன்று மூடியது. சுவருக்கு அப்பால், நிதானமாக, அந்தக் குரல் மண் காலில் விழுந்ததிலிருந்து சொல்லத் தொடங்கியது.

குலேந்திரன் கண்ணாடிக்கு முன்னால், முழுப் பலத்தோடு, கத்தினான். வாயிலிருந்து ஒரு பிடி ஈரமண் கழுவுதொட்டிக்குள் விழுந்தது. அதன்பின் சத்தம் வந்தது, மெல்லிய கம்பியாக, நீண்டு, நீண்டு.

கட்டடத்தில் யாரோ ஹீட்டர் குழாயைத் தட்டினார்கள்.