திறக்கப்படாத இஞ்சின்

"நான் பயந்துட்டேனாம். அதனாலதான் கார் வேகமா ஓடலையாம்," என்றாள் பந்தயக்காரி. சாயங்கால ஓட்டத்திலும் நேரம் தேறாவிட்டால் அணியில் அவளுடைய இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

துப்பறிவாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கூட வந்த மருமகனுக்கு மாமனாரின் இந்த நிதானமே பாதி உயிரை வாங்கும்.

"கார் என்னம்மா பண்ணுது?"

"மெதுவான வளைவுல சொன்ன பேச்சு கேட்குது சார். வேகமான வளைவுல மூக்கு திரும்பவே மாட்டேங்குது, வெளியே இழுத்துட்டுப் போகுது. நேர் பாதையிலயும் பழைய வேகம் இல்ல."

பட்டறையில் எல்லோரும் காரின் மூக்கில் பலகைபோல் இருந்த முன் இறக்கையைச் சுற்றி நின்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். இஞ்சினுக்குப் பொறுப்பான அவளுடைய அண்ணன் மட்டும் ஓரமாக நின்று ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மருமகன் காரின் பின்பக்கம் போனான். பின் இறக்கையைத் தாங்கும் தகட்டில் வரிசையாகத் துளைகள். ஒன்றைச் சுற்றி மட்டும் வட்டமாக ஒரு பளபளப்பு. போல்ட் இருந்ததோ அதற்கு மேல் துளையில். அவன் அதைப் பார்த்துவிட்டு நகர்ந்தான்.

"இஞ்சினைப் பிரிச்சுப் பார்த்தீங்களா தம்பி?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"தேவையில்ல சார். அது நல்லா இருக்கு," என்றான் அண்ணன், தலை நிமிராமல்.

மருமகன் மாமனாரின் காதைக் கடித்தான். "முன் இறக்கையில யாரோ கை வெச்சிருக்காங்க மாமா. போட்டிக்காரன் வேலைதான்!"

"பொறுங்க மாப்பிள்ளை. மெதுவா போறப்ப டயரோட பிடிப்பே போதும். வேகத்துலதான் காத்து காரைத் தரையோட அழுத்தும். அப்ப இது காத்து விவகாரம். பின் இறக்கையை நிமித்தி வெச்சா காத்து வாலைப் போட்டு அமுக்கும், மூக்கு லேசாயிடும். அப்புறம் எங்க திரும்பும்? இறக்கை காத்தை மறிக்கறதால நேர் பாதையிலயும் வேகம் போயிடும்."

மருமகனுக்கு அந்தப் பளபளப்பு வட்டம் நினைவுக்கு வந்தது; போல்ட் முன்பு இருந்த தடம் அது. முதலில் பார்த்ததும் அவன்தான், கோட்டை விட்டதும் அவன்தான். "யாரு மாமா மாத்தினது?"

"நேர் பாதையில வேகம் குறைஞ்சா இஞ்சின்காரர் சும்மா இருப்பாரா? அக்கக்கா பிரிச்சுப் போட்டிருப்பார். இவர் மூடியைக்கூடத் தொடலை. குத்தம் இஞ்சின்ல இல்லைன்னு இவருக்குத் தெரிஞ்சிருக்கு."

அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"போன பந்தயத்துல இவ சுவர்ல மோதினப்ப, உள்ளேர்ந்து தூக்கினவன் நான் சார். இறக்கையை நிமித்தினா வேகம் குறையும், பிடிப்பும் கூடும், பத்திரமா இருப்பான்னு நெனச்சேன். மூக்கு லேசாகும்னு எனக்கு எங்க தெரியும்? காலையில வளைவுல கார் வெளியே இழுத்துட்டுப் போனதைப் பார்த்ததும் ஓடி வந்தேன், பழையபடி மாத்திடலாம்னு. இவங்க யாரும் காரை விட்டு நகரலை."

"என்னைப் பயந்தாங்கொள்ளின்னாங்க. கேட்டுட்டு நின்னியே அண்ணா?"

"பயந்தது நான்தாம்மா."

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஸ்பேனரை எடுத்து அவன் கையில் திணித்தாள். "நீயே இறக்கு." அவன் போல்ட்டைக் கழற்றினான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாகப் போல்ட்டைப் பழைய துளையில் முடுக்கினார்கள்.

சாயங்காலம் அந்த வேகமான வளைவருகே அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான். இஞ்சின் சத்தம் நெருங்கியது, கடந்தது, ஓரிடத்திலும் தணியவில்லை. அவள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை.

துப்பறிவாளர் அவன் தோளைத் தொட்டார். "கண்ணைத் திறங்க தம்பி. தங்கச்சி திரும்பிட்டாங்க."