கறை நீக்கிய பாத்திரங்கள்

மீட்பான் இயந்திரம் தாளைத் தின்றுவிடும். மையைக் கரைத்துப் படித்தால்தான், வரைந்த பொருளை அதே வடிவத்தில் அதனால் வார்த்துத் தர முடியும். செவ்வாய்க் குடியிருப்பில் யாரும் அதற்காக வருந்தவில்லை. பொருளே கையில் வந்தபின் படம் எதற்கு?

அமிர்தவல்லியிடம் மிஞ்சியிருந்த கடைசிப் படத்தையும் அது விழுங்கியது. பித்தளைச் சொம்பு.

பூமியை விட்டுக் கிளம்பியபோது பாத்திரங்களுக்கு அனுமதியில்லை, தாளுக்கு இருந்தது. அதனால் அவள் கணவர் சேதுராமன் சமையலறையிலேயே உட்கார்ந்து கூஜா, போசி, எண்ணெய்த் தூக்கு என்று ஒவ்வொன்றாக வரைந்தார். அவள் புளி போட்டுத் தேய்த்து அவர்முன் வைத்துவிட்டு அடுப்புக்குத் திரும்புவாள்.

"என்னை ஒரு தடவையாவது இப்படி உத்துப் பாத்திருக்கீங்களா?"

"அசையாம நில்லு, பாக்கறேன்."

அவர் இறந்த பிறகும் அந்தப் பதில் அவளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

சொம்பு வந்தது. கழுத்தோர நசுங்கல்கூட அப்படியே.

"அண்ணி, மீட்பான்ல கறைநீக்கிப் பொத்தானை அமுக்க மறந்துட்டீங்களா?" என்றாள் நாத்தனார் தேன்மொழி. "வயித்துல கறுப்பா என்னமோ இருக்கே."

அமிர்தவல்லி முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. விளக்கருகே கொண்டுபோனாள். மெல்லிய கோடுகள். வளைந்த ஜன்னல், வளைந்த அடுப்பு, அதன்முன் முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். அள்ளி முடிந்த கொண்டை. இடது கை இடுப்பில்.

பளபளப்பில் விழுந்த பிம்பத்தையும் அவர் வரைந்திருந்தார். இயந்திரம் அதையும் பித்தளையின் மேல் இருந்த கோடு என்றே எடுத்துக்கொண்டது.

"அட, நீங்கதான்! இப்பவும் அப்படித்தானே நிக்கறீங்க? அண்ணன் சரியான கள்ளன்."

அமிர்தவல்லி சிரித்தாள். கண் நிறைந்தது. பிறகு, முன்பே வார்த்த பாத்திரங்களை அடுக்கியிருந்த அலமாரியைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது.

"மத்த படத்துலயும் இப்படி இருந்துச்சா அண்ணி?"

"கோடுகோடா இருந்துச்சு. வளைவைக் காட்ட இழுத்தாருன்னு நெனச்சேன்."

அவற்றுக்கெல்லாம் தன் விரலாலேயே கறைநீக்கியை அழுத்தியிருந்தாள்.

கூஜாவை எடுத்தாள். கறையே இல்லை. வயதான ஒருத்தி அதிலிருந்து நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.