மேட்டு உச்சியில் சிப்பிகள்

"காணி போனாலும் போகட்டும், ஐயா. அந்த மேட்டை மட்டும் வெட்ட விடாதேங்கோ" என்றாள் செலீனா. தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமிலிருந்து அவள் திரும்பி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அவளுக்கும் யாகப்பருக்கும் இடையிலான காணித் தகராறைப் பார்க்கக் காணிக் கந்தோர் அனுப்பிய ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஜுனைதீனுக்கு இந்தப் பேச்சு உறுத்தியது. மீளக்குடியேறிய சனமெல்லாம் காணிக்காக அடிபடும்போது, காணி போகட்டும் என்கிறவளை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

"மேட்டுக்குள்ள என்னவோ தாட்டு வைச்சிருக்கிறா, நானா" என்று ஆட்டோவைத் திருப்பியபடி கிசுகிசுத்தான் வலன்ரைன். நரை விழுந்த வயதிலும் துப்பு என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம்.

பெரியமடுக் காட்டோரம் மண்மேடு வட்டமாக வளைந்து கிடந்தது. மழை அரித்த பக்கத்தில் தடித்த தாழி ஓடுகள் துருத்தி நின்றன. உச்சியில் தறித்த பனையின் அடிக்கட்டை. அதனருகே மண்ணில் வரிசையாகப் பதிந்த வெண்சிப்பிகள். கடல் எங்கே, இந்தக் காடு எங்கே என்று ஜுனைதீன் யோசித்தார்.

யாகப்பர் அங்கே காத்திருந்தார். மேட்டு மண்ணை றோட்டுக்கு அள்ள நாளைக்கு மெசின் வருகிறதாம்.

"எண்பத்தாறில தண்ணி மறிக்க அப்பா போட்ட கட்டு, நானா. காணி எங்கட. உந்தப் பனையை ரெண்டாயிரத்தேழில பங்கருக்குத் தறிச்சவங்கள்."

"வைரம் பாய்ஞ்ச பனையோ?"

"பின்ன? வைரமில்லாததை ஆர் பங்கருக்குப் போடுவான்?"

ஜுனைதீன் அடிக்கட்டையைத் தடவினார். "வைரம் பாய அம்பது வருசமாவது வேணும். தறிச்ச நேரம் உங்கட கட்டுக்கு வயசு இருபத்தொண்டுதான்."

"நிண்ட பனையைச் சுத்தி மண் போட்டிருக்கலாமே?" என்று வலன்ரைன் குறுக்கிட்டான்.

"போட்டிருந்தால் தூர் அடியில புதைஞ்சிருக்கும். இஞ்ச வேர் உச்சியில விரிஞ்சிருக்கு. மேடு முந்தி, பனை பிந்தி. தாழியில செத்தாக்களை வைச்ச ஆதிச் சனத்தின்ர மேடு இது, யாகப்பர்."

யாகப்பர் முகம் கறுத்துச் சைக்கிளை எடுத்தார்.

ஜுனைதீன் ஆட்டோவில் கூட வந்திருந்த செலீனாவின் பக்கம் திரும்பினார். "நீங்கள் பிறந்தது விடத்தல்தீவோ, பிள்ளை?"

"ஓம்."

"அங்க கோயில் சேமக்காலையில பிரேதக் குழிக்கு மேல சிப்பி பதிக்கிறவை. இது ஆருக்கு?"

அவள் குனிந்து ஒரு சிப்பியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள்.

"மகன், ஐயா. ஜெகதீபன். பத்து வயசு. பனை தறிச்ச கிழமை ஷெல் விழுந்தது. சேமக்காலைக்குப் போக வழியில்லை. அடுத்த நாள் வள்ளம் ஏறினம். சொன்னால் விசாரணை எண்டு கிண்டி எடுப்பினமோ எண்ட பயம்."

வலன்ரைனுக்குத் தன் வாயைத் தைக்கலாம் போலிருந்தது.

ஜுனைதீன் கந்தோருக்கு அறிக்கை எழுதினார்: ஆதிகாலப் புதைமேடு, தோண்டலாகாது. சிப்பிகளைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினார்.

"அப்ப இனி ஒருத்தருக்கும் ஒளிக்காமல் மெழுகுதிரி கொளுத்தலாமோ, ஐயா?" என்று கேட்டாள் செலீனா.