தடங்காட்டித் திரையில் ஒரு பெயர்

தடங்காட்டியில் சளி வைக்காமல் யாருக்கும் காசநோய் மாத்திரை கிடையாது. அது கிருமியின் மரபணுவைப் படித்து, யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று கால் மணி நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையக் கூடத்துத் திரையில் பெயர்களோடு கோடு போட்டுக் காட்டிவிடும்.

"செத்தவங்க பேரும் வருமாம்மா?" என்று கேட்டார் ஆவுடையப்பன். எழுபத்தாறு வயது. இரண்டு மாத இருமலில் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

"வரும் ஐயா. பழைய ஆளுங்க விவரமெல்லாம் சேமிப்புல இருக்கு," என்றாள் செவிலியர் ஜெபக்கனி.

அவர் வெறும் சளிக் குப்பியை மேசைமேல் திருப்பி வைத்தார். மனைவி மாரடைப்பில் போனதாகச் சொல்லித்தான் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தார். போன மாதம் இதே திரையில் தாயின் பெயர் வந்ததற்காக ஒரு மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"நான் இருந்து என்ன ஆகப்போகுது. என் மவ வாழணும்லா."

பெயர்களை மறைக்கச் சொல்லி ஜெபக்கனி மேலிடத்துக்கு மூன்று ஆண்டுகளில் பதினோரு கடிதம் எழுதியிருந்தாள். பதில் இல்லை. வருகிற முதியவர்கள்தான் பாதியாகக் குறைந்தார்கள்.

மருத்துவ அலுவலர் இளஞ்சேரல் அறையிலிருந்து வந்தார். "நோய்க்கு என்னய்யா வெட்கம்? ஒளிச்சு வச்சா வீட்டுல இருக்கிறவங்களை எப்படிக் காப்பாத்துறது?" முடிப்பதற்குள் இருமினார். "தூசி அலர்ஜி," என்றார், வழக்கம்போல.

"மூணு மாசமாவா சார்?" ஜெபக்கனி புதுக் குப்பி ஒன்றை அவரிடம் நீட்டினாள். "நீங்க முதல்ல துப்புங்க. ஐயா பார்க்கட்டும்."

"துப்புங்க டாக்டரே. கூச்சமா இருந்தா நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதோம்," என்றார் பெஞ்சிலிருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் மறுக்க முடியாமல் குப்பியை வாங்கித் துப்பினார்.

கால் மணி நேரத்தில் திரையில் அவர் பெயர் வந்தது. அதன் கீழே மூன்று கோடுகள். மூன்றும் போய் நின்ற பெயர்கள், அவரிடம் மூட்டுவலிக்கு வந்து நோயோடு போன முதியவர்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் சுவரோரம் போய் பிளக்கைப் பிடுங்கினார்.

அன்று மாலையே மேலிடத்து உத்தரவு வந்தது: இனித் திரையில் பெயர்கள் வேண்டாம், செவிலியர் மட்டும் பார்த்தால் போதும்.

மறுநாள் காலை ஆவுடையப்பன் முதல் ஆளாக வந்து குப்பியை வாங்கினார். துப்பிக் கொடுத்துவிட்டு, பூட்டியிருந்த டாக்டர் அறையைப் பார்த்தார்.

"மாத்திரை ஆரம்பிச்சுட்டாரா?"

"நேத்தே."

"முதல்ல வயித்தைப் பொரட்டும். ஒண்ணுக்கு செவப்பாப் போகும். அது மாத்திரைதான், பயப்பட வேண்டாம்னு சொல்லுங்கம்மா." கூடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என் வீட்டுக்காரி பயந்து பாதியில நிறுத்திட்டா."