இரண்டு பழுப்புப் பட்டைகள்

"மூணு மணிக்குள்ள இதுல கையெழுத்துப் போடணுமாம். போடலைன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேண்டாமாம்."

பழம்பொருள் காட்சியகத்தில் வேலை பார்க்கும் அந்த அம்மாள் காகிதத்தை மேஜையில் வைத்த வேகத்தில் பேனா உருண்டு கீழே விழுந்தது. பூட்டுக்காரர் நிதானமாகக் குனிந்து அதை எடுத்தார். பூட்டுப் பழுது பார்ப்பதை விட்டுப் பல வருடம் ஆகியும் அவருக்கு அந்தப் பெயர் போகவில்லை. இப்போது அவர் திறப்பதெல்லாம் மற்றவர்கள் மறைத்து வைத்த விஷயங்களை. பக்கத்தில் அவருடைய மருமகள் நோட்டுப் புத்தகத்துடன் தயாராக இருந்தாள்.

அது ஒரு மன்னிப்புக் கடிதம். காட்சியகத்தில் இருக்கும், சட்டைப் பைக்குள் அடங்கும் பழைய கைத்துப்பாக்கியை அவரே பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்துக் கெடுத்துவிட்டதாக அதில் இருந்தது.

"நிஜமாவே நீங்க தேய்க்கலையா?" என்றாள் மருமகள்.

"பதினாறு வருஷமா அதைப் பராமரிக்கிறேன். மாசத்துல முதல் திங்கட்கிழமை கையுறை போட்டுக்கிட்டு, மெல்லிய துணியில ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைப்பேன். அப்புறம் மேல லேசா மெழுகு. அவ்வளவுதான். குழல்மேல இருக்கிற பழுப்பு அழுக்கு இல்லைம்மா, அது இரும்பு தனக்குத் தானே போட்டுக்கிட்ட தோல். பாலிஷ்ல இருக்கிறது நைசான மணல் மாதிரி. தோலையும் உரிச்சு, தங்க முலாம்ல போட்ட பூக்கொடி வேலைப்பாட்டையும் உரிச்சிடும்."

"கையுறை எதுக்கு?"

"வியர்வையில உப்பு இருக்கே! வெறும் விரல் பட்டா, நாலஞ்சு நாள்ல அந்த ரேகை அப்படியே துருவாப் பூக்கும்."

பூட்டுக்காரர் தலையசைத்தார். "கண்ணாடிப் பெட்டிச் சாவி யாருகிட்ட இருக்கு?"

"இயக்குநர்கிட்ட ஒண்ணு, காவலாளிகிட்ட ஒண்ணு. என்கிட்ட இல்லை. காவலாளி எடுத்துக் குடுப்பார், என் மேஜையில வேலை முடிச்சுத் திருப்பிக் குடுப்பேன். இப்ப பாலிஷ் டப்பா என் டிராயர்ல கிடைச்சுதுன்னு இயக்குநர் சொல்றார். துப்பாக்கியை என் கண்ணுலயே காட்டலை." அவர் எழுந்து நின்றார். "வேலை போனா போகட்டும். செய்யாததைச் செஞ்சேன்னு என் கையால எழுத மாட்டேன்."

காட்சியகத்தில் இயக்குநர் அறை வாசலிலேயே மருமகள் நின்றுவிட்டாள். கதவில் இருந்த பித்தளைப் பெயர்ப்பலகை பளபளத்தது. எழுத்துகளின் பள்ளத்தில் மட்டும் வெள்ளையாக ஏதோ காய்ந்து கிடந்தது.

"மாமா, இதுல தலையே வாரிக்கலாம்!"

"வாராவாரம் நானே தேய்ப்பேன்," என்று உள்ளிருந்து பெருமையாகக் குரல் வந்தது. "வேற யாரையும் தொட விடமாட்டேன்."

துப்பாக்கி இயக்குநரின் மேஜைமேல் துணியில் கிடந்தது. பூட்டுக்காரர் அந்த அம்மாளிடம் கையுறையும் உருப்பெருக்கியும் வாங்கிக்கொண்டார். குழல் வெள்ளியாக மின்னியது. தங்கக் கொடியில் பாதியைக் காணோம். ஆனால் குழலின் குறுக்கே, விரல் அகலத்தில் இரண்டு இடங்களில் பழைய பழுப்பு நிறம் அப்படியே இருந்தது. அந்தப் பட்டைகளில் ஒன்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது முத்தாக நின்றது. பக்கத்தில் மின்னிய இடத்தில் விட்ட சொட்டு பரவி வழிந்தது.

"முத்தா நிக்கிற இடத்துல இந்த அம்மாவோட மெழுகு இன்னும் இருக்கு," என்றார். "பெட்டிக்குள்ள இதை எப்படி மாட்டியிருப்பீங்க?"

"ரெண்டு கொக்கியில," என்றார் வாசலில் நின்ற காவலாளி. "கொக்கி குழலைச் சுத்திப் பிடிச்சுக்கும்."

"அந்தக் கொக்கி இருந்த இடம்தான் இந்த ரெண்டு பட்டை. கையில எடுத்துத் தேய்ச்சிருந்தா இதுவும் போயிருக்கும். கொக்கியில தொங்கும்போதே, பெட்டியைத் திறந்து, அவசரமா யாரோ தேய்ச்சிருக்காங்க. இந்த அம்மாகிட்ட பெட்டிச் சாவி இல்லை."

"அப்ப காவலாளிதான்!" என்று துள்ளினாள் மருமகள்.

"ஏம்மா, என் பித்தளைப் பட்டனைப் பாரு, பாசி பிடிச்ச மாதிரி இருக்கு. இதையே துடைக்காதவன் அதைப் போய்த் துடைப்பேனா? பத்திரிகைக்காரங்க போட்டோ எடுக்க வந்தப்ப நான் பெட்டியைத் திறந்தேன். அப்பவே அது பளபளன்னுதான் இருந்துச்சு."

"அவங்க வந்து எத்தனை நாள் ஆச்சு?"

"எட்டு நாள்."

"துரு பூக்க அது போதும்." பூட்டுக்காரர் உருப்பெருக்கியை மருமகளிடம் கொடுத்தார். மின்னும் குழலின் ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக. "பாலிஷ் மெழுகை எடுத்துடுச்சு. அப்புறம் வெறும் கையால பிடிச்சிருக்காங்க. தேய்ச்சவர் கையெழுத்தே போட்டுட்டுப் போயிருக்கார். சார், உங்க ஸ்டாம்ப் பேடைக் குடுங்க. மூணு பேரும் இந்தக் காகிதத்துல கட்டைவிரலை வைங்க."

அந்த அம்மாள் மன்னிப்புக் கடிதத்தைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் முதல் ஆளாகக் கட்டைவிரலை அழுத்தினார். அடுத்து காவலாளி. இயக்குநரின் வலது கை கால்சட்டைப் பைக்குள் போனது, வெளியே வரவில்லை.

"உங்க பெயர்ப்பலகை எழுத்துல வெள்ளையாக் காஞ்சு கிடக்கே," என்றார் பூட்டுக்காரர் மெதுவாக, "அதே வெள்ளை இங்க துப்பாக்கியோட திருகாணிப் பள்ளத்துலயும் இருக்கு. விரலை வைங்க சார்."



"போட்டோவுல நல்லா விழட்டும்னுதான்..." என்றார் இயக்குநர். "தங்கப் பூ உரியும்னு எனக்கு எப்படித் தெரியும்? துப்பாக்கியை நமக்குக் குடுத்த குடும்பம் கேட்டா என்ன பதில் சொல்றது? சரி, அந்த லெட்டரைக் கிழிச்சுப் போடுங்க. இதோட விட்டுடலாம்."

"விட முடியாது சார்." அந்த அம்மாள் அலமாரியிலிருந்து துப்பாக்கியின் பராமரிப்புப் பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தார். "எந்த பாலிஷ், என்ன துணி, எவ்வளவு நேரம் தேய்ச்சீங்க, டப்பாவை என் டிராயர்ல எப்ப வெச்சீங்க, எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"எல்லாரும் படிப்பாங்களே!"

"படிக்கத்தான் எழுதறோம். எனக்கப்புறம் இதைத் தொடறவங்களுக்கு இதுக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியணும். தெரியாட்டி தப்பா வைத்தியம் பார்ப்பாங்க."

இயக்குநர் பூட்டுக்காரரைப் பார்த்தார். அவர் கையுறையைக் கழற்றி அந்த அம்மாளிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் பேனாவைத் திறந்தார் இயக்குநர். பதிவேட்டுக்கு இடம் போதவில்லை. துப்பாக்கியை ஓரமாக நகர்த்தக் கையை நீட்டினார்.

அதற்குள் கையுறை அணிந்த கை ஒன்று குறுக்கே வந்தது.

"தொடாதீங்க," என்றார் அந்த அம்மாள். "நீங்க எழுதுங்க."