இளைத்தவள் இறந்தாள்!

“ஐயோ... அம்மா...!”

வீட்டு வேலைக்கு வந்த கன்னியம்மா போட்ட அலறலில், அந்த ஆரணித் தெருவில் ஓடிக்கொண்டிருந்த தறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

திறந்து கிடந்த கதவு வழியே நாலைந்து பேர் உள்ளே பாய்ந்தார்கள்.

பாய்ந்தவர்கள்... அப்படியே உறைந்தார்கள்!

பட்டுப்புடவை வியாபாரி ஜெகநாதன் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். பிரயாணப் பை இன்னும் தோளில் தொங்கியது. மடியில் மனைவி கிருஷ்ணம்மாளின் தலை.

முகம் மஞ்சள். திறந்திருந்த கண்கள் மஞ்சள். நகம்கூட மஞ்சள்!

“காருக்கு ஆள் அனுப்பட்டுங்களா?” யாரோ கேட்டார்கள்.

ஜெகநாதன் நிமிரவில்லை.

“வேணாங்க... இனிமே எதுக்கு?”

தகவல் கிடைத்துத் தேசூரிலிருந்து அவள் அண்ணன் அருணகிரி வந்து இறங்கியபோது, வாசலில் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

வந்தவன் அழவில்லை. நேராகப் போய் ஜெகநாதனின் சட்டையைப் பிடித்தான்.

“பாவி! கொன்னுட்டியேடா!”

“மச்சான்...”

“அப்டி கூப்பிடாதே! நேத்து நான் வந்தப்ப என் தங்கச்சி உக்காந்து பேசிகினு இருந்தா. விடிகாலைல மெட்ராஸ்லேர்ந்து நீ வந்தே... அவ பூட்டா! இன்னாடா கொடுத்தே?”



அருணகிரி விறுவிறுவென்று போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் வேடியப்பன், ஏட்டு பொன்னுசாமியோடு வந்து சேர்ந்தார். முதலில் பிடித்தது கன்னியம்மாவை.

“நீ எத்தினி வருஷமா இங்க வேலை செய்யறே?”

“கல்யாணம் கட்டிகினு அம்மா வந்ததுலேர்ந்துங்க.”

“உடம்பு எப்பவும் இப்டிதானா?”

“ஐயோ, இல்லீங்க! முன்னல்லாம் நல்லா குண்டா, பாரியா இருப்பாங்க. ஏழு வருஷம் முன்னாடி, எழுபத்தேழுல, மெட்ராஸ் போய் கர்ப்பப்பை ஆபரேஷன் பண்ணிகினு வந்தாங்க. அப்புறம் கிடுகிடுன்னு இளைச்சிட்டாங்க. அப்டியே உருகிட்டாங்கன்னு வச்சிக்குங்க!”

“இவன் மருந்து ஏதாச்சும் கொடுப்பானா?”

கன்னியம்மா முதலாளியைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

“தினமும்... சாத்துக்குடி ஜூஸ்ல கலந்து கொடுப்பாருங்க. பீரோக்குள்ள பூட்டி வச்சிருப்பாரு.”

பொன்னுசாமி பீரோவைத் திறந்தார். உள்ளே பழுப்பு நிறக் குப்பி ஒன்று.

மேலே ஒட்டியிருந்த காகிதம் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது!

“இது இன்னாய்யா?” வேடியப்பன் குப்பியை ஆட்டினார்.

“அவளுக்கு மருந்து சார்.”

“எதுக்கு மருந்து? எந்த டாக்டர் கொடுத்தாரு?”

ஜெகநாதன் தோள் பையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

“யோவ்! பேசுய்யா!”

“சொல்லமாட்டேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன் சார்.”

“செத்தவளுக்குப் பண்ண சத்தியம் உன்னைக் காப்பாத்தாதுய்யா!”

“என்னைக் காப்பாத்த வேணாம் சார்,” என்றான் ஜெகநாதன்.

அரசு ஆஸ்பத்திரி. பிரேதப் பரிசோதனை முடிந்து டாக்டர் மாணிக்கவேல் கைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“விஷம்தானே டாக்டர்?” வேடியப்பன் அவசரப்பட்டார். “அந்தக் குப்பியையும் பாத்தீங்களா?”

“பாத்தேன். அதுல இருக்கறது பொட்டாசியம். ஒரு வகை உப்பு. அது அவளைக் கொல்லல. இத்தினி நாள் அவளை உயிரோட வச்சிருந்ததே அதுதான்!”

“புரியல டாக்டர்.”

“அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடக்கவே இல்ல. நடந்தது குடல்ல! இருபதடிக்கு மேல இருக்கற குடல்ல, சோறு போற வழிக்கு ஒண்ணரை அடிதான் விட்டிருக்காங்க. மீதியெல்லாம் பக்கத்துல சும்மா தொங்குது.”

“எதுக்கு?”

“இளைக்கிறதுக்கு. தின்னது உடம்புல ஒட்டாம ஓடிடும். வெளிநாட்டுல ஆயிரக்கணக்குல பண்ணாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது... சோத்தோட சேர்ந்து சத்தும் ஓடிடுது. சிறுநீரகத்துல கல்லு விழுது, ஈரல் கெடுது. இவ ஈரல் பாதிக்கு மேல போயிருக்கு.”

“அப்ப இயற்கையான சாவா?”

டாக்டர் துண்டை மடித்து வைத்தார்.

“இல்ல. யாரோ இவளுக்கு நேத்து கடுமையான பேதி மருந்து கொடுத்திருக்காங்க. நேர்வாளம் மாதிரி ஏதோ ஒண்ணு. நல்ல உடம்பு நாலு தடவ போயிட்டு எழுந்துக்கும். இவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச உப்பும் போயிடுச்சு. இதயம் நின்னுடுச்சு!”

வேடியப்பன் மீசையைத் தடவினார்.

“ஆபரேஷன் விஷயம் தெரிஞ்சவன் கொடுத்திருந்தா...?”

“அது கொலை!”

தெரிந்தவன்... ஒரே ஒருத்தன்தான்!

வேடியப்பன் வெளியே பாய்ந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் தூணோரம் நின்றிருந்த ஜெகநாதனின் கையை முறுக்கினார். பின்னாலேயே டாக்டரும் வந்தார்.

“பேதி மருந்து கொடுத்தா கொன்னே...?”

“பேதி மருந்தா?” எதிர்ப்பக்கமிருந்து அருணகிரி எழுந்தான். “சார்... அதை இவன் கொடுக்கல. நான் கொடுத்தேன்!”

வேடியப்பனின் பிடி தளர்ந்தது.

“இன்னா சொன்னே?”

“ஆமா சார்! சந்தவாசல் பக்கம் ஒருத்தரு, வயித்துல வச்ச வசிய மருந்தெல்லாம் எடுக்கறாரு. ‘உன் தங்கச்சிக்குப் புருஷன் சோத்துல மருந்து வச்சிட்டான், அது வயித்துல ஒட்டிகினு அவளை உருக்குது’ன்னாரு. இவன் மெட்ராஸ் போற நாளா பாத்து, நேத்து மத்தியானம் கொண்டாந்தேன். ‘வேணாண்ணா, வேணாண்ணா’ன்னா. அவ கைய எடுத்து என் தலைல வச்சேன். ‘குடிக்கலன்னா நான் செத்ததுக்குச் சமானம்’னேன். கடகடன்னு குடிச்சிட்டா!”

காலையிலிருந்து அழாதவன் இப்போது முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

“லேட்டாயிடுச்சு சார்! ஒரு மாசம் முன்னாடி கொடுத்திருந்தா இவன் வச்ச விஷம் அத்தினியும் வெளிய வந்திருக்கும்... என் தங்கச்சி கிட்டம்மா பொழைச்சிருப்பா!”



டாக்டர் மாணிக்கவேல் மெல்ல ஓர் அடி முன்னால் வைத்தார்.

“இங்க பாருங்க அருணகிரி... நீங்க கொடுத்த அந்த மருந்துதான்...”

“நான்தான் கொன்னேன்!”

எல்லோரும் திரும்பினார்கள்.

கத்தியவன் ஜெகநாதன்!

“நான்தான் சார் விஷம் வச்சேன்! ஜல்தி என்னைக் கூட்டிகினு போங்க. டாக்டர், நீங்க ஒண்ணும் பேசாதீங்க... உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்!”

“பாத்தீங்களா சார்! பாத்தீங்களா!” அருணகிரி கத்திக்கொண்டே இருந்தான். ஜீப் கிளம்பும்வரை கத்தினான்.

ஸ்டேஷன். வேடியப்பன் ஒரு டம்ளர் டீயை ஜெகநாதன் பக்கம் நகர்த்தினார்.

“எதுக்குய்யா பொய் சொன்னே?”

ஜெகநாதன் டீயைத் தொடவில்லை.

“அவளோட போளூர் பஸ்ல ஏறினேன் சார், கல்யாணமான புதுசுல. கண்டக்டர் அவளைப் பாத்துட்டு, ‘இவங்களுக்கு மட்டும் ரெண்டு டிக்கெட்டு எடு’ன்னான். பஸ்ஸே சிரிச்சுது. அவளும் சேர்ந்து சிரிச்சா. வீட்டுக்கு வந்து மூணு நாள் சாப்பிடல.”

வெளியே பொன்னுசாமி யாரையோ அதட்டும் சத்தம் அடங்கியது.

“மெட்ராஸ்ல சீமைல படிச்ச சர்ஜன் ஒருத்தரு இந்த ஆபரேஷன் பண்றாருன்னு அவளே கேள்விப்பட்டு வந்து நின்னா. எனக்கு இஷ்டமில்ல. ‘நீ இப்டியே இரு, எனக்கு இன்னா கொறைச்சல்’னேன். ‘உங்களுக்கு இல்லீங்க, எனக்கு’ன்னா. ஊர்ல கர்ப்பப்பைன்னு சொல்லிட்டோம். அண்ணன்கிட்ட விரதம் இருந்து இளைச்சேன்னா. அதைக் கேட்டு அவரு தேசூர் பூரா பெருமையா சொல்லிகினு திரிஞ்சாரு. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிகினு நிஜத்தைச் சொல்றது?”

“இளைச்சதும் சந்தோஷமா இருந்தாங்களா?”

“ஒரு வருஷம் இருந்தா சார். அதுக்குள்ள முடி கொட்டிச்சு. பொழுது சாஞ்சா கண்ணு தெரியல. எதைத் தின்னாலும் கொல்லைப்பக்கம் ஓடணும். அதுக்கு பயந்துகினு கல்யாணம் காட்சி எதுக்கும் போகல. ஊரு இன்னா சொல்லிச்சு தெரியுமா? ‘இளைச்சதும் கிருஷ்ணம்மாவுக்குத் திமிரு வந்துடுச்சு.’”

“டாக்டர்கிட்ட திரும்பப் போகலியா?”

“போனோம். இந்த வருஷம்தான் அவரு சொன்னாரு... ‘பழைய ஆபரேஷனைப் பிரிச்சிக் குடலை முன்ன மாதிரி சேர்த்துடறேன். பதிலா இரைப்பையைச் சின்னதாக்கித் தையல் போட்டுடலாம். இப்ப அதுதான் புதுசு. கொஞ்சமா சாப்பிடுவா, சாப்பிட்டது உடம்புல ஒட்டும். பொழைச்சிப்பா’ன்னாரு. அவதான் சார் ஒத்துக்கல. ‘குடலைச் சேர்த்துட்டா பழையபடி ஆயிடுவேனே, நான் இப்டியே செத்துடறேன்’னு அழுதா. மாசக்கணக்கா கெஞ்சினேன்.”

“அப்புறம்?”

“போன வாரம் அவளாவே வந்தா. ‘சரிங்க, மாத்திக்கலாம். ஒரு கைப்பிடி ரசம் சோறு உள்ள போயி நின்னா போதும். எனக்கு உயிரோட இருக்கணும்போல இருக்கு’ன்னா.”

ஜெகநாதன் உள்ளங்கையால் கண்களை அழுத்தினான்.

“ஆஸ்பத்திரில பெட்டு சொல்லி வைக்கத்தான் சார் நேத்து போனேன்! விடிகாலைல வந்து கதவைத் தள்ளினா, தரைல கிடக்கறா. உயிர் இருந்துச்சு. தூக்கினேன். ‘அண்ணன் ஆசையா கொண்டாந்துச்சுங்க. ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லியிருந்தா விட்டிருக்கும்... வெக்கமா இருந்துச்சு, குடிச்சிட்டேன்’னா.”

“வேற?”

“‘அண்ணனுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா அதுவும் செத்துடும்’னா. அதான் சார் கடைசி.”

வேடியப்பன் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார்.

“வீட்டுக்குப் போய்யா,” என்றார் திரும்பாமலே. “உன் பொண்டாட்டிக்குக் கொள்ளி வை.”

பிணத்தை எடுக்கும்போது வேடியப்பனும் வந்தார். அருணகிரி அவரை வழிமறித்தான்.

“அவனை ஏன் சார் விட்டீங்க?”

“ஈரல் நோய்ல செத்தாங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“அவனே ஒத்துகினானே!”

“துக்கத்துல உளறினான்.”

“தெரியும் சார்! பட்டுப்புடவை உங்க வீட்டுக்கு வந்துடுச்சா?”

பொன்னுசாமி லத்தியை ஓங்கினார். வேடியப்பன் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

அருணகிரி பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தான். கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்த ஜெகநாதனைப் பார்த்துக் காறித் துப்பினான்.

“கொலைகாரா!”

“பாத்து வாங்க மச்சான்... பள்ளம் இருக்கு,” என்றான் ஜெகநாதன்.

ஊர்வலம் தெருமுனை திரும்பியது. வேடியப்பன் ஜீப்பில் ஏறினார்.

“சந்தவாசலுக்கு விடுய்யா. மருந்து எடுக்கறவரை நாம கொஞ்சம் எடுக்கணும்!”

பொன்னுசாமி பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் மெல்ல ஆரம்பித்தார்.

“சார்... ஒரே பேஜாரா இருக்கு. அண்ணன் பாசத்துல கொடுத்தான். புருஷன் பாசத்துல மறைச்சான். அப்ப இந்தக் கேஸ்ல நிஜமான குத்தவாளிதான் யாரு?”

“அவ குண்டா இருந்தப்ப சிரிச்சவங்க, இளைச்சப்ப திமிருன்னு பேசினவங்க... அத்தினி பேருந்தான்.”

“புடிச்சி உள்ள போட வேண்டியதுதானே சார்?”

வேடியப்பன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“போடலாம்யா... ஆரணிய சுத்தி மதில் கட்டி, வாசல்ல ஜெயில்னு ஒரு போர்டு மாட்டிட்டா வேலை முடிஞ்சுது!”